ஹாலில் ஓர் ஆணி

கதவிடுக்கில் செருகியிருந்த சீட்டைப் படித்ததும் தமயந்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ‘ஹாலில் ஆணி அடித்ததற்கு அபராதம் இருநூறு ரூபாய். இப்படிக்கு, வீட்டு உரிமையாளர்.’ குடிவந்த மூன்று வாரத்தில் இது மூன்றாவது சீட்டு. வாடகை அக்ரிமென்ட்டை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று மாடியேறினாள்.

“வரிக்கு வரி பார்த்துட்டேன் சார். அபராதம்னு இதுல ஒரு எழுத்து கிடையாது. இல்லாததை நீங்க எப்படி வசூல் பண்ணுவீங்க?”

நல்லசிவம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிப் பக்கம் வரை பொறுமையாகப் படித்தார். “வாஸ்தவம்தாம்மா, இல்லை. சுவத்துல ஆணி கூடாதுங்கிறது என் வீட்டுக்காரி போட்ட கண்டிஷன். எனக்கே ரெண்டு தடவை ஃபைன் போட்டிருக்கா.”

அப்போதுதான் தமயந்தி கவனித்தாள். அந்த வீட்டுச் சுவரில் ஓர் ஆணிகூட இல்லை. போன வருஷம் காலமான அந்த அம்மாவின் படம் மாலையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

அவள் கீழே போய்ச் சுத்தியலும் ஆணியுமாகத் திரும்பி வந்தாள். “எந்த இடம் சார்?”

அவர் வெகுநேரம் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு ஓரிடத்தைக் காட்டினார். அவள் அடித்து முடிப்பதற்குள், தன் பெயருக்கே ஒரு சீட்டு எழுதி, இருநூறு ரூபாயோடு படத்தின் காலடியில் வைத்தார்.