ஏழு கறி

யாரும் எழுவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும். சிவகாமி ஓசைப்படாமல் தோட்டத்துக்குள் இறங்கினாள். முந்தானைக்குள் ஆறு கத்தரிக்காய், இரண்டு கை வெண்டைக்காய். இடுப்பில் ஒரு சுரைக்காய்.

"யாரு அங்கே?"

ஒரு கத்தரிக்காய் நழுவி விழுந்தது. கொல்லைக் கதவருகே அவள் கணவர் திருவேங்கடம், மூக்குக்கண்ணாடி இல்லாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்.

"நான்தாங்க. காய் பறிச்சேன்."

"நாளைக்குப் போதுமா?"

"ஏழு கறிக்கும் போதும்."

விழுந்த கத்தரிக்காயை அவர் எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். சிவகாமி தரையைப் பார்த்தாள். அத்தனையும் நேற்று அரிசி கொடுத்து வாங்கியவை.

அறுபதாம் வருஷம் தீவையே புரட்டிப்போட்ட புயலில் சுவர் இடிந்து மேலே விழுந்து, அவர்களுடைய மகள் மூன்று நாள் கண் திறக்காமல் கிடந்தாள். அப்போது திருவேங்கடம் முருகனிடம் நேர்ந்துகொண்டார்: பிள்ளை பிழைத்தால் அடுத்த தைப்பூசத்தன்று, தன் கையால் விளைவித்த காயிலேயே ஏழு கறியும் சமைத்து இலை போடுவது. நேர்த்திக்கடன் தீரும்வரை வெளியே சொல்லக்கூடாது என்று மனைவியிடம் மட்டும் சொன்னார்.

ரோஸ் ஹில் ஊரில் ஆபீஸ் குமாஸ்தா அவர். மண்வெட்டி பிடித்ததில்லை. அந்தத் தீவில் கோடை தொடங்கும் அக்டோபரில் நட்ட நாற்று ஒரே வாரத்தில் வெயிலில் கருகியது. மறுபடி நட்டார். தென்னை ஓலையால் நிழல் கட்டினார். ஆபீஸிலிருந்து வந்து லாந்தர் வெளிச்சத்தில் தண்ணீர் ஊற்றினார். பூச்சி வராமலிருக்க அடுப்புச் சாம்பலைச் சலித்துத் தூவினார்.

பூத்தது, பிஞ்சும் விட்டது. சிவகாமிக்கும் தோட்டம் புதிது. இன்னும் கொஞ்சம் பெரிதாகட்டும் என்று காலையில் விட்டுவைத்துத் தையல் கடைக்குப் போவாள். மதியம் வந்து பார்த்தால் வெறும் காம்புதான் இருக்கும்.

பின்வீட்டுக் கண்ணம்மாவிடம் கேட்டாள். கண்ணம்மாவுக்குக் கணவன் இல்லை. புயலில் வீடும் போய், மூன்று பிள்ளைகளோடு தகரக் கொட்டகையில் இருந்தாள். தெருத்தெருவாகக் காய் விற்பது பிழைப்பு.

"வெயிலுக்குக் கொட்டிடுதுக்கா. இதுக்கெல்லாம் கைப்பழக்கம் வேணும்," என்று சிரித்தாள் கண்ணம்மா. "அண்ணன் ஆபீஸுக்குப் போனதும் செடியும் லீவு போட்டுடுது போல!"

"உன் கூடையில மட்டும் எப்படிடீ இவ்வளவு?"

"கான் தெ மாஸ்க் ஊர்ல என் தம்பி தோட்டம். வேணுமாக்கா?"

அன்றிலிருந்துதான் இந்தத் திருட்டுத்தனம். கண்ணம்மா கொண்டுவரும் காயைச் சிவகாமி வாங்குவாள். காம்பு இடுக்கில் ஒட்டியிருக்கும் சாம்பலை ஈரத்துணியால் துடைப்பாள். விடியற்காலையில், நம் தோட்டத்தில் பறித்தேன் என்று கணவரிடம் நீட்டுவாள். அவர் முகம் மலர்வதைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

சாமி படத்துக்கு விளக்கேற்றும்போது கண்ணை மூடிக்கொண்டாள். ஏமாற்றுவது கணவரை மட்டுமா? நேர்த்திக்கடன் பொய்த்தால் அது பிள்ளை தலையில்தானே விடியும்? மகள் லேசாக இருமினால்கூட ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் தைப்பூசம். கோயிலில் காவடியை இறக்கிவிட்டுத் திருவேங்கடம் வீட்டுக்கு வந்தார். முதல் பந்தியில் கண்ணம்மாவையும் பிள்ளைகளையும் உட்கார வைத்தார். சிவகாமி இலையில் ஏழு கறியும் பரிமாறினாள்.

"இன்னிக்குச் சொல்லலாம்," என்றார் திருவேங்கடம். "இது என் பொண்ணு உயிருக்கு நேர்ந்துகிட்டது. இலையில இருக்கிற அத்தனையும் நான் விளைவிச்ச காய். ஒண்ணுகூட வெளியில வாங்கல."

மகள் அப்பாவின் தோளில் சாய்ந்து நின்றாள். நெற்றியில் சுவர் விழுந்த தழும்பு. சிவகாமியின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

"இல்லைங்க!" அவள் அழுதுவிட்டாள். "நம்ம செடியில ஒண்ணுமே நிக்கல. எல்லாம் கண்ணம்மாகிட்ட வாங்கினது. சாமியையே ஏமாத்திட்டேங்க. என்னை மன்னிச்சிடுங்க."

திருவேங்கடம் சுவரைப் பிடித்துக்கொண்டார். வேட்டியில் இன்னும் காவடிப் பால் காயவில்லை. மகளைப் பார்த்தார், இலைகளைப் பார்த்தார்.

கண்ணம்மா சோற்றில் கை வைக்கவே இல்லை. பிள்ளைகளின் கைகளையும் பிடித்து நிறுத்தியிருந்தாள். மெதுவாக எழுந்து வந்து சிவகாமியின் காலடியில் உட்கார்ந்தாள்.

"அழாதீங்கக்கா. நான் வித்ததெல்லாம் உங்க தோட்டத்துல பறிச்சதுதான்."