சத்தமில்லாத வண்டி

சரண்யாவுக்கு அந்த ஆளைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது.

புதுக்கோட்டைத் தொழில் கண்காட்சியில் அவளுடைய ஸ்டாலில்தான் கூட்டம் அதிகம். மைதானத்தில் ஐம்பது மீட்டருக்குத் தண்டவாளம் போட்டு, தான் வடிவமைத்த பேட்டரி வண்டியை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். ரயில் பாதையைச் சோதிக்கிறவர்கள் நாலு பேர் அதில் உட்கார்ந்து போகலாம். டீசல் இல்லை, புகை இல்லை, துளி சத்தம் இல்லை. மூன்று வருட உழைப்பு.

வந்திருந்த ரயில்வே அதிகாரிக்குப் பிடித்துப்போனது. அடுத்த வாரமே நிஜப் பாதையில் ஓட்டிப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்.

அப்போதுதான் அந்த ஆள் குறுக்கே வந்தார். பெயர் ஆத்மநாதன், தண்டவாளத்தைப் பராமரிக்கும் கேங்மேன் என்றார். தண்டவாளத்தில் முதுகைக் காட்டி நிற்கிறேன், வண்டியை மெதுவாக ஓட்டி வரச் சொல்லுங்கள் என்று கேட்டார். அதிகாரி சரி என்றார்.

சரண்யாவே ஓட்டினாள். ரெண்டு முழம் பின்னால் கொண்டுவந்து நிறுத்தியும் அவர் திரும்பவில்லை. கூப்பிட்ட பிறகுதான் திரும்பினார்.

"வண்டி வந்ததே தெரியலைங்க சார். சத்தம் வரலைன்னா வண்டி வரலைன்னுதான் லைன்ல நிக்கிறவங்க நெனைப்பாங்க."

ஹாரன் இருக்கிறது என்றாள் சரண்யா. அடிக்க மறந்துவிட்டால் என்று கேட்டார் அவர்.

அதிகாரி பேனாவை மூடினார். இதைச் சரிசெய்யுங்கள், அப்புறம் பார்க்கலாம் என்று அடுத்த ஸ்டாலுக்குப் போய்விட்டார்.

சரண்யா அவர் பக்கம் திரும்பினாள். "புது மிஷின் வந்தா ஒங்க வேலை போயிரும்னு பயம். அதுக்காக என் பொழப்பைக் கெடுத்துட்டீங்கள்ல?"

அவர், "வண்டி நல்லா இருக்கும்மா. வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

ரெண்டு நாள் கோபம் தீரவில்லை. மூன்றாம் நாள், கூட வேலை செய்யும் கலைமதியை ஓட்டச் சொல்லிவிட்டு, சரண்யா தானே தண்டவாளத்தில் திரும்பி நின்றாள். இன்னும் வரவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தபோது, வண்டியிலிருந்தபடியே கலைமதி முதுகைத் தொட்டாள். அன்றைக்கே சரண்யா வண்டியின் வரைபடத்தைத் திரும்ப எடுத்தாள்.

நகர்ந்தாலே தானாக ஒலி எழும்படி வண்டியை மாற்ற நாலு மாதம் பிடித்தது. அனுமதியும் கிடைத்தது.

முதல் ஓட்டம். புதுக்கோட்டை ஸ்டேஷன் தாண்டி ஒரு வளைவு. அங்கே ஏழெட்டுப் பேர் குனிந்து, தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியை இடித்து இறுக்கிக்கொண்டிருந்தார்கள். தூரத்திலேயே சத்தம் கேட்டு நிமிர்ந்தார்கள். ஒதுங்கி நின்று கை காட்டினார்கள்.

சரண்யா வண்டியை நிறுத்தி இறங்கினாள். மன்னிப்புக் கேட்க வேண்டும். ஒவ்வொரு முகமாகத் தேடினாள். அவர் இல்லை.

முன்னால் நின்ற செவந்தி என்ற பெண்ணிடம், ஆத்மநாதன் ஐயா இன்றைக்கு லீவா என்று கேட்டாள்.

"அவரு ரிட்டையராகி ரெண்டு வருசம் ஆச்சேம்மா. பேட்டரி வண்டி வருதுன்னு பேப்பர்ல பாத்துட்டு, எங்களுக்காகத்தான் அன்னைக்கு அறந்தாங்கியிலேருந்து பஸ் ஏறி வந்தாரு."