மாத்திரையும் முதல் சுற்றுக் காப்பியும்

காப்பி விளையும் ஜிம்மா நகரத்துக் காலை வெயிலில் தைராய்டு மாத்திரையைத் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள் யெஷிமெபெத். மாதக்கணக்கில் விழுங்கியும் அசதி விட்டபாடில்லை. துணி அலசினாலே கை ஓய்ந்துபோகிறது. "கடைக்காரன் சுண்ணாம்பை உருட்டிக் குடுக்கிறான்டி. அவன் முழியே சரியில்ல" என்கிறாள். காப்பிக்கொட்டை வறுத்த புகை இன்னும் கலையவில்லை. பக்கத்து வீட்டு தெவாபெச் நீள்கழுத்து மண்கூஜாவைச் சாய்த்து, பிடியில்லாத சின்னக் கோப்பையில் கறுப்பாய் ஊற்றிக் கொடுக்கிறாள். "வெறும் வயித்துலதான போடுற, அக்கா?" "பின்னே? ஒரு வாய் இஞ்சேரா அப்பம்கூடத் தொடுறதில்ல." மாத்திரையை மோந்து பார்த்து நாக்கில் போட்டு, சூடான காப்பியோடு மடக்கென்று விழுங்குகிறாள் யெஷிமெபெத். தெவாபெச்சின் கை அந்தரத்தில் நிற்கிறது. "மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் காப்பி கூடாது, குடிச்சா மருந்து உடம்புல ஒட்டாதுன்னு டாக்டர் சொல்லலையா?" "சொன்னான். காப்பி வேணாங்கிறவன் எந்த ஊர்க்காரனோ. அவன் மேலயும் எனக்குச் சந்தேகம்தான்" என்று இரண்டாம் சுற்றுக்குக் கோப்பையை நீட்டுகிறாள்.