கடைசி பெஞ்சு வாக்கியம்

"‘ஸ்டாண்ட் அப் டு’ன்னா வெறுமனே எழுந்து நிக்கிறது இல்ல. நம்மள அடக்குறவங்களைப் பயப்படாம எதிர்த்து நிக்கிறது," என்று மாலை நேர ஆங்கில வகுப்பில் சார் விளக்கினார். "ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்லுங்க."

முதலில் எழுந்த லாரி டிரைவர், முதலாளியை எதிர்த்து நின்றதாகச் சொன்னார்.

"நிஜமாவா?"

"வாக்கியத்துல மட்டும்தான் சார்!"

வகுப்பு சிரித்து ஓய்ந்ததும், அன்றுதான் சேர்ந்திருந்த கடைசி பெஞ்சுப் பெண்மணி எழுந்தார்.

"ஐ ஸ்டுட் அப் டு மை ஹஸ்பண்ட்."

"எப்போக்கா?" டிரைவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"இன்னைக்குத்தான். ‘அம்பது வயசுல உனக்கு எதுக்கு இங்கிலீஷ்? என் மானத்தை வாங்காதே’ன்னார். படிச்சே தீருவேன்னு சொல்லிட்டேன். கோவிச்சுக்கிட்டு வண்டியை எடுத்துட்டுப் போயிட்டார். நான் பஸ் பிடிச்சு வந்தேன்."

"என்ன மனுஷன்க்கா அவரு! கையில கிடைச்சா நறுக்குன்னு நாலு கேள்வி கேப்பேன்."

"வாக்கியம் சரி," என்றார் சார், ஏற்கெனவே துடைத்த கரும்பலகையை மறுபடி துடைத்தபடி.

வகுப்பு முடிந்து வாசலுக்கு வந்ததும் டிரைவர், "பஸ் ஸ்டாப் வரைக்கும் நான் விட்டுடுறேன்க்கா," என்றார்.

அதற்குள் சார் தன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, பின் சீட்டைக் கையால் தட்டிவிட்டார்.

"ஏறு, வீட்டுக்குப் போகலாம்," என்றார் தணிந்த குரலில், அந்தப் பெண்மணியிடம்.

நாலு கேள்வி கேட்க இருந்த டிரைவர், இரண்டடி பின்வாங்கி வண்டிக்கு வழிவிட்டார்.

"நான் பஸ்லயே வர்றேங்க," என்றார் அந்தப் பெண்மணி. "நீங்க முன்னாடி போய் அடுப்பைப் பத்த வைங்க."