பாட்டு நிற்கும் வரை

"எப்படியாவது இதைக் கொன்னுடுங்க அண்ணே. நான் சொல்லித்தான் செஞ்சீங்கன்னு அப்பாவுக்கு மட்டும் தெரியக் கூடாது."

செட்டுக்காரர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். கார்களுக்குப் பாட்டு செட் மாட்டுவது அவர் தொழில். செத்துப்போனதற்கு உயிர் கொடுக்கச் சொல்லித்தான் இதுவரை ஆட்கள் வந்திருக்கிறார்கள். நன்றாகப் பாடிக்கொண்டிருக்கிற ஒன்றின் கழுத்தை நெரிக்கச் சொல்லி ஒரு பெண் காரோடு வந்து நிற்பது இதுதான் முதல் தடவை.

"எதுக்கும்மா? இது நான் என் கையாலே மாட்டினது. அந்தக் காலத்து கேசட் செட்டு. இப்ப வர்றதெல்லாம் ரெண்டு மழைக்கே ஊமையாயிடுது. இது கல்லு மாதிரி இருக்கு."

"அதுதான் அண்ணே பிரச்சினையே! இந்த வயசிலே கார் ஓட்ட வேணாம்ப்பா, சாவியைக் கொடுங்கன்னு கையை நீட்டிக் கெஞ்சிப் பார்த்துட்டேன். 'இந்த செட்டு என்னைக்குப் பாட்டை நிறுத்துதோ அன்னைக்கு நானும் ஓட்டுறதை நிறுத்திக்கிறேன்'னு ஒரே போடாப் போட்டுட்டார். அது எங்கே நிறுத்துது? போன தடவை வந்தப்ப யாருக்கும் தெரியாம ஒரு டம்ளர் ஜூஸை உள்ளே ஊத்தினேன். ரெண்டு நாள் தொண்டை கட்டின மாதிரி கரகரத்துச்சு. மூணாம் நாள் முன்னைவிட நல்லாப் பாடுது!"

செட்டுக்காரருக்கு உள்ளூரப் பெருமை பொங்கியது. சிரித்தால் அந்தப் பெண் அடித்தாலும் அடித்துவிடுவாள் என்று துணியால் முகத்தைத் துடைப்பது போல மறைத்துக்கொண்டார். உண்மையில் அவளுடைய அப்பாவைப் போல வியாபாரத்துக்கு உதவாத வாடிக்கையாளர் வேறு யாரும் கிடையாது. கெடவே கெடாத செட்டை வைத்துக்கொண்டு மனிதர் கடைப் பக்கம் எதற்கு வரப் போகிறார்? அவர் முகத்தைப் பார்த்தே வருஷக்கணக்கில் ஆகிறது.

"ஐயா நல்லாத்தானேம்மா ஓட்டுவார்?"

"ஓட்டினார். போன மாசம் ஒரு லாரி இவரை முந்தப் பார்த்திருக்கு. நடு ரோட்டை விட்டு நகரவே இல்லையாம். இந்தக் கோலத்தைப் பாருங்க."

டிரைவர் பக்கத்துக் கதவில் நீளமாக ஒரு பள்ளம். பக்கக் கண்ணாடியை லாரி பிய்த்துக்கொண்டு போயிருந்தது. செட்டுக்காரர் அதைத் தடவிப் பார்த்தார்.

"கண்ணுதான் சரியில்லையோன்னு பதறி டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். கடைசி வரியிலே இருக்கிற பொடி எழுத்து வரைக்கும் கடகடன்னு படிக்கிறார். அப்ப இதுக்கு என்ன பேரு, வீம்புதானே? நானோ வெளியூர்லே இருக்கேன். போன் பண்ணா அவர் பாட்டுக்கு மூச்சு விடாமப் பேசிட்டு வச்சிடுறார். நேரிலே வந்தா எல்லாத்துக்கும் ஒரு சிரிப்பு, ஒரு தலையாட்டல். நான் சொல்றது எதையும் காதிலேயே வாங்கிக்கிறதில்லை. அம்மா போனப்புறம் எனக்குன்னு இருக்கிறது இவர் ஒருத்தர்தான் அண்ணே. இவருக்கும் ஒண்ணு ஆச்சுன்னா..."

அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள். செட்டுக்காரருக்கு மனசு கேட்கவில்லை. காருக்குள் குனிந்து உட்கார்ந்து செட்டை ஒரு தடவை போட்டுப் பார்த்தார்.

பாட்டு அலறிய அலறலில் இரண்டு பேருக்கும் தூக்கிவாரிப் போட்டது. அவர் அவசரமாக அணைத்தார். இந்த நேரத்திலும் தொழில் புத்தி சும்மா இருக்கவில்லை.

"இவ்வளவு சத்தத்துக்கும் ஸ்பீக்கர் கிழியலை பார்த்தீங்களா? இப்ப எங்கேம்மா கிடைக்குது இந்த மாதிரிச் சரக்கு?"

"அண்ணே!"

"சரி, சரி, செய்றேன்."

ஆனால் செட்டின் மேல் கை வைக்க அவருக்கு மனசு வரவில்லை. டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு, ஸ்பீக்கர்களுக்குப் போகிற வயர்களை மட்டும் கட்டிங் பிளேயரால் நறுக்கினார். மறுபடி போட்டார். பச்சை விளக்கு எரிந்தது, கேசட் சுற்றியது. பாட்டு மட்டும் இல்லை.

"முடிஞ்சதும்மா. ஐயா வந்து கேட்டா, ஆயுசு முடிஞ்சிடுச்சு, இனிமே ரிப்பேர் பண்ண முடியாதுன்னு சொல்லிடறேன். பொய்தான். என்ன பண்றது?"

வண்டியைக் கழுவி இந்தக் கடையில் நிறுத்தியிருப்பேன், நீங்களே வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று, தூங்கிக்கொண்டிருந்த அப்பாவின் தலைமாட்டில் சீட்டு எழுதி வைத்துவிட்டுத்தான் அவள் வந்திருந்தாள். அதன்படியே அவர் நடந்து வந்துவிட்டார். நல்ல இஸ்திரிச் சட்டை, முகம் நிறையச் சிரிப்பு. மகள் சட்டென்று காருக்குப் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"என்ன தம்பி, சௌக்கியமா? பார்த்து எத்தனை நாளாச்சு! உடம்பைப் பார்த்துக்கோ, இளைச்சிட்டே!" என்று செட்டுக்காரரின் தோளைத் தட்டினார். பதிலுக்குக் காத்திருக்காமல் கதவைத் திறந்து உட்கார்ந்தார். சாவியைத் திருகினார். செட்டைப் போட்டார்.

பச்சை விளக்கு எரிந்தது. கேசட் சுற்றியது. செட்டுக்காரர் துக்கம் விசாரிக்கிற முகத்தை வரவழைத்துக்கொண்டு, மனப்பாடம் செய்துவைத்த பொய்யோடு ஜன்னலை நெருங்கினார்.

பெரியவர் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட ஆரம்பித்தார். கண்களை மூடித் தலையை ஆட்டினார். பிறகு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, கடையே அதிரும்படி கத்தினார்.

"உன் கை ராசியே ராசிதான் தம்பி! இத்தனை வருஷம் கழிச்சும் எப்படிக் கணீர்னு பாடுது, கேட்டியா?"

காருக்குப் பின்னால் நின்ற மகள் "அப்பா!" என்றாள். பிறகு தொண்டை கிழிய "அப்பா!" என்று கத்தினாள். அவர் திரும்பவே இல்லை, தாளம் போட்டபடியே வண்டியை ரோட்டுக்கு இறக்கினார்.