தட்டிவிட்ட கை

“மாமா கையையே தட்டிவிட்டியாமேடா? உன்னைத் தூக்கி வளத்த...”

“தரை கிட்ட வந்துட்டுதுன்னு மிஷினு கத்துதும்மா, நான் என்ன...”

“கைடா அது. அந்தக் கை இல்லன்னா நீ பிளேன் ஓட்டுவியா, ரெட்டிபாளையத்துல சிமெண்டு மூட்டை தூக்குவியா?”

அரியலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து அண்ணன் வீட்டு வாசல் வரைக்கும் இருசம்மாள் ஓயவில்லை. புருஷன் போனபின் அவள் மகன் மணிமாறனைப் படிக்கவைத்து, தன்னைப் போலவே விமானியாக்கியவர் அண்ணன் சிங்காரவேலு.

போன வாரம் இருவரும் ஒன்றாக ஓட்டிய விமானம் திருச்சியில் இறங்கும்போது ஒரே மழைமேகம். எச்சரிக்கை மிஷின் ‘மேலே தூக்கு, மேலே தூக்கு’ என்று கத்த, ‘அது பழுதுடா, கம்முனு இரு’ என்றாராம் மாமா. மணிமாறன் அவர் கையைத் தட்டிவிட்டு விமானத்தை மேலே ஏற்றி, ஒரு சுற்றுச் சுற்றி வந்து இறக்கினான்.

சின்னக் கம்பெனி. மூத்தவர் சொல்லே அங்கே சட்டம். மாமா புகார் கொடுத்த மறுநாளே அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சிங்காரவேலு நாற்காலியை விட்டு எழவில்லை. “வாங்க கேப்டன் சார். ஒக்காருங்க,” என்றார் மருமகனைப் பார்த்து.

“அண்ணே, சின்னப் பய. நீங்கதான் பெரிய மனசு பண்ணணும். விழுடா கால்ல.”

மணிமாறன் விழுந்தான்.

“எத்தினி வருஷமா ஓட்டுறேன். பொட்டிக்குள்ள இருந்துக்கிட்டு கத்துறது எனக்குப் பாடம் சொல்லுமா?”

“சொல்லாதுங்கண்ணே.”

“நீ சும்மா இரு புள்ள, அவன் சொல்லட்டும். மிஷினு பொய்தானடா சொல்லுச்சு?”

மணிமாறன் நிமிரவில்லை. “நீங்க சொன்னாச் சரிங்க மாமா.”

“இனிமே கத்துனா?”

“நீங்க சொல்லாம கைய வைக்க மாட்டேங்க.”

சிங்காரவேலு சிரித்துவிட்டார். அங்கேயே போனை எடுத்து, “பயலுக்குப் புத்தி வந்துட்டு, என் பக்கத்துலயே போடுங்க,” என்று கம்பெனிக்குச் சொன்னார். அண்ணி அமிர்தவல்லி கேசரி கொண்டுவந்து வைத்தாள். இருசம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“வெள்ளிக்கிழமை மெட்ராஸ் கல்யாணத்துக்குப் போறல்ல?” என்றார் அண்ணன். “திரும்புறப்ப பஸ்ல இடிபட்டுக்கிட்டு வராத. அன்னிக்குத் திருச்சிக்கு நானும் இவனுந்தான் ஓட்டுறோம். முன்னாடி சீட்டு உனக்கு.”

திரும்பி நடக்கையில் இருசம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. எந்தச் சேலையைக் கட்டுவது, தன் ஊரான குரும்பலூரில் யாரிடம் முதலில் சொல்வது என்று மனசு ஓடிக்கொண்டிருந்தது.

“பாத்தியா? ஒரு தடவ குனிஞ்சதுல எல்லாம் சரியாப் போச்சு. வேலையும் வந்துட்டு, மாமனும் வந்துட்டாரு. இன்னும் ஏன்டா உம்முன்னு வர்ற?”

சிமெண்ட் லாரி ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு வர, மணிமாறன் அம்மாவைக் கைபிடித்து ஓரமாக இழுத்து நிறுத்தினான்.

“மெட்ராஸ்லேருந்து நீ மட்டும் பஸ்லயே வந்துடும்மா.”