சந்தனத்தின் மேல் சாக்பீஸ்

அறையில் இருந்தவர்கள்: கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் வசந்தமணி அக்கா, காயலான் கடை இருதயராஜ், நான், ஒன்பது பழைய கம்ப்யூட்டர்கள்.

"இதுங்கள்ல புது ஆபரேட்டிங் சிஸ்டம் ஏறலைன்னா நாளைக்கு நடக்குற ஆன்லைன் பரீட்சைய வேற சென்டருக்கு மாத்திடுவாங்கடா" என்றார் அக்கா.

எட்டுப் பெட்டிகளில், ஆயுதபூஜைச் சந்தனத்தின் மேலேயே, இருதயராஜ் காயலானுக்கு என்று சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டிருந்தார். ஒன்பதாவதன் திரையில் 'இந்தக் கம்ப்யூட்டருக்குத் தகுதி இல்லை' என்று வந்தது. கல்லூரியில் எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். தகுதி பார்க்கும் ஃபைலை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன்.

"செத்ததுக்கு ஊசி போடுறியே தம்பி" என்று சிரித்தார் இருதயராஜ்.

நாற்பது நிமிடத்தில் புது சிஸ்டத்தின் முகப்பு திரையில் வந்தது.

"மிச்ச எட்டும் இதே மாடல்தானே?" என்றார் அக்கா.

"அதேதான். ஏறும்."

அக்கா சந்தனம் கலையாமல் சாக்பீஸை மட்டும் உலர்ந்த துணியால் மெல்லத் துடைத்தார். பிறகு இருதயராஜை வெளியே அனுப்பி, அவர் பின்னால் கதவைச் சாத்தி உள்பக்கம் பூட்டினார்.